பெரியப்பாவின் கை நடுக்கமும் கிண்டியில் போட்ட ஒரு மேப்பும்

1963-ல கிண்டியில ஒரு மேப் போட்டாங்க. அதுல ரோடு கிடையாது, ஏரி கிடையாது, வார்டு எல்லை கிடையாது. வெறும் ஒரு சதுரம். இன்னிக்குப் போடுற முறையில படுத்திருக்கிற கோடு மைனஸ் 180-ல இருந்து பிளஸ் 180 டிகிரி வரைக்கும், நிற்கிற கோடும் அதே மாதிரி. உள்ளே ரெண்டு மூணு இடத்துல தீவு மாதிரி திட்டு. மத்ததெல்லாம் வெற்றிடம். இன்னிக்கும் உலகத்துல யாராவது ஒரு புரதத்தோட வடிவத்தைக் கண்டுபிடிச்சா, அது ஒழுங்கா வந்திருக்கான்னு இந்த மேப்ல வச்சுப் பார்க்கிறாங்க. பேரு ராமச்சந்திரன் பிளாட். (பிளாட்டுன்னா எங்க அம்பத்தூர் பக்கம் வேற அர்த்தம். கள்ளிக்குப்பத்துல உட்கார்ந்துக்கிட்டு இந்த ஜோக்கைச் சொல்லாம தாண்ட முடியலை, மன்னிச்சுடுங்க :-))

போட்டவங்க மூணு பேர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் பேராசிரியரா இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், கூட சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். ராமச்சந்திரன் 1952-ல் சென்னைக்கு வந்து துறைத் தலைவர் ஆனப்போ முப்பது வயசு முடியலை. (என் வயசு! நான் இன்னும் டெஸ்டிங் டீம்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டிருக்கேன்.) பெர்னால்னு ஒரு பெரிய விஞ்ஞானி மெட்ராஸ் வந்தப்போ, தோல், தசைநாண், எலும்பு எல்லாத்துலயும் இருக்கிற கொலாஜன் புரதத்தோட வடிவம் இன்னும் யாருக்கும் சரியா பிடிபடலைன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போயிருக்கார். பக்கத்துலயே தோல் ஆராய்ச்சி நிலையம், அதாங்க சர்தார் பட்டேல் ரோட்டுல இருக்கிற சிஎல்ஆர்ஐ. அங்கிருந்து கொலாஜன் வாங்கி, எக்ஸ்ரே படம் எடுத்து, 1954-ல ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூணு இழை சேர்ந்த பின்னல்னு எழுதினாங்க. ஜடை பின்னல் மாதிரி, மூணு கால்.

அந்தப் பின்னல்ல சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இடிச்சுக்கிட்டு நிற்குது, இயற்கையில அப்படி இருக்க முடியாதுன்னு கிரிக், ரிச் ரெண்டு பேரும் ஆட்சேபம் சொன்னாங்க. (டிஎன்ஏ புகழ் கிரிக்தான்.) நம்மாளு என்ன பண்ணார்னா, சரி, ரெண்டு அணு எவ்வளவு நெருங்கலாம்னு முதல்ல ஒழுங்கா கணக்கெடுப்போம்னு உட்கார்ந்துட்டார். அதுவரைக்கும் வெளிவந்திருந்த படிக அமைப்புகளை எல்லாம் அலசி, இந்த அணுவுக்கும் அந்த அணுவுக்கும் சாதாரணமா இவ்வளவு இடைவெளி, ரொம்பப் போனா கடைசி எல்லை இவ்வளவுன்னு ஒரு அட்டவணை போட்டாங்க. அதுல இருந்து பிறந்ததுதான் இந்த மேப்.

புரதம்ங்கிறது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீளமான சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் சுழலக்கூடிய கீல் ரெண்டு. ஒரு கீலோட கோணம் ஃபை, இன்னொண்ணு சை. ரெண்டையும் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, பக்கத்துல இருக்கிற அணு இடிக்கும். கதவைத் திறந்தா பீரோ இடிக்கிற வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். எந்தக் கோண ஜோடிக்கு இடிக்காதோ அது அனுமதி, மத்தது தடை. கணக்குப் போட்டுப் பார்த்தா சதுரத்துல பெரும்பகுதி தடை. இடது பக்கம் கீழே ஒரு திட்டு, அங்கே சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருளும், அது ஆல்ஃபா. இடது பக்கம் மேலே இன்னொரு திட்டு, அங்கே சங்கிலி நீட்டி நிமிர்ந்து பட்டையா கிடக்கும், அது பீட்டா. வலது பக்கம் ஒரு குட்டித் திட்டு. அவ்வளவுதான். கிளைசின் ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை, அது ரொம்பச் சின்னது.

பொட்டி தட்டுறவன் எதுக்குடா இதையெல்லாம் படிச்சேன்னு கேட்டீங்கன்னா, காரணம் எங்க பெரியப்பா.

பெரியப்பா டர்னர். அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்துல முப்பத்தஞ்சு வருஷம். அவர் கையில மைக்ரோமீட்டரைப் பார்த்தா எனக்கு சின்ன வயசுல பொறாமையா இருக்கும். திருகிட்டு, காதுல 'டிக் டிக்' கேட்டதும் நிறுத்தி, வாயால அளவு சொல்வார். நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப்ல ஒரு ராடைக் கெடுத்துட்டு வந்தப்போ, "படிச்ச பையன் இப்படித்தான் கடைவான்"னு ஒரே வரியில முடிச்சவர்.

ரிட்டயர் ஆன கொஞ்ச நாள்ல பெரியம்மா முதல்ல கவனிச்சது நடுக்கம் இல்லை, ரசம். தாளிக்கிற வாசனை வீடு பூரா அடிக்குது, இவருக்குத் தெரியலை. வயசாச்சுன்னு விட்டாங்க. அப்புறம் பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகலை. எழுத்து வரவர எறும்பு மாதிரி சின்னதாகிட்டே போச்சு. அதுக்கும் பிறகுதான் வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சும்மா இருக்கும்போது உருட்டிக்கிட்டே இருக்க ஆரம்பிச்சது, கண்ணுக்குத் தெரியாத மைக்ரோமீட்டரைத் திருகுற மாதிரி. நரம்பு டாக்டர் அரை மணி நேரம் நடக்க விட்டு, விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்துட்டு பார்க்கின்சன்னு சொன்னார். நம்ம ஊர்ல நடுக்குவாதம்னு சொல்றது.

சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. மிஷின் ஆயில்ல நின்னது. நைட் ஷிஃப்ட். ஒருத்தர் குலதெய்வம் வரைக்கும் போயிட்டார். நானும் என் பங்குக்கு நெட்ல படிச்சதைச் சொன்னேன்: மூளையில ஒரு புரதம் தப்பா மடங்கி, கட்டி கட்டியா சேர்ந்துடுது பெரியப்பா. அவர் அதுல ஒரே ஒரு வார்த்தையைத்தான் பிடிச்சுக்கிட்டார். "தப்பான்னா? யார் பண்ண தப்புடா?"

அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னுதான் ஆறு மாசமா படிச்சேன். ஆபீஸ்ல ஆணி பிடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல.

மூளையின் அடிப்பக்கம் சப்ஸ்டான்ஷியா நைக்ரான்னு கறுப்பா ஒரு பகுதி. அங்கேயிருக்கிற செல்கள் டோபமைன் தயாரிக்குது, உடம்பு அசையணும்னா அது வேணும். பார்க்கின்சன்ல அந்தச் செல்கள் செத்துக்கிட்டே வரும். மிச்சமிருக்கிற செல்லுக்குள்ள உருண்டை உருண்டையா எதோ கிடக்கும். பார்க்கின்சன் நோயாளிகளோட மூளையில இந்த மாதிரி உருண்டைகளை 1912-ல விவரிச்சவர் லூயி. லூயி உருண்டைன்னே பேர் வச்சுட்டாங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிய இன்னும் 85 வருஷம் ஆச்சு. 1997-ல தான் அது ஆல்ஃபா சைன்யூக்ளின்ங்கிற புரதம்னு தெரிஞ்சது. 140 அமினோ அமிலம். நரம்பு முனையில சாதாரணமா இருக்க வேண்டிய ஆசாமி. தனியா தண்ணியில விட்டா ஒரு நிலையான வடிவமும் இல்லாம நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி கிடக்கும். அதே புரதம் கட்டியாகும்போது மட்டும் ராணுவ ஒழுங்கு. சங்கிலிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏணிப்படி மாதிரி அடுக்கிக்கும். படிக்குப் படி 4.7 ஆங்ஸ்ட்ராம். பெரியப்பாவோட மைக்ரோமீட்டர்ல இருக்கிற கடைசிக் கோடு 0.01 மி.மீ., அதுக்குள்ளேயே இருபதாயிரம் படிக்கு மேல அடங்கும்.

இப்படி அடுக்கின நாருக்குப் பேர் அமிலாய்டு. மாவுச்சத்து மாதிரின்னு அர்த்தம். 1854-ல விர்ஷோ அயோடின் ஊத்திப் பார்த்தார், நிறம் மாறிச்சு, பேர் வச்சுட்டார். அஞ்சு வருஷத்துல அது மாவு இல்லை, புரதம்னு தெரிஞ்சுபோச்சு, ஆனா பேர் மாறலை. இதுல நாம சிரிக்க ஒண்ணுமில்லை. கள்ளிக்குப்பத்துல இப்போ கள்ளியும் கண்ணுல படறதில்லை, குப்பமும் இல்லை, பஸ் போர்டுல மட்டும் இருக்கு.

அமிலாய்டு பார்க்கின்சனுக்கு மட்டும் சொந்தம் இல்லை. அல்சைமர்ல பீட்டா அமிலாய்டுன்னு 40, 42 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகள். சர்க்கரை வியாதியில (டைப் 2) கணையத்துல இன்சுலின் சுரக்கிற திட்டுகள்ல அமிலின்னு இன்னொண்ணு படியும். புரதங்கள் வேற வேற, எழுத்து வரிசை வேற வேற. ஆனா எக்ஸ்ரேயில பார்த்தா எல்லாத்துக்கும் அதே ஏணி. இந்த ஏணியோட அடையாளத்தை ஆஸ்ட்பரி 1935-லயே பார்த்துட்டார், அவிச்ச முட்டை வெள்ளைக்கருவை இழுத்து வச்சு எக்ஸ்ரே எடுத்தப்போ. வியாதியும் இல்லை, மூளையும் இல்லை, முட்டை!

இப்போ கிண்டி மேப்புக்கு வரேன். இந்த ஏணியில இருக்கிற கண்ணிகளோட ஃபை, சை கோணங்களைக் கொண்டுபோய் அந்தச் சதுரத்துல வச்சா எங்க விழும்? நான் தடை செஞ்ச ஏரியாவுல விழும்னு எதிர்பார்த்தேன். இவ்வளவு அட்டூழியம் பண்றது பின்ன எங்க இருக்கும்? ஆனா பெரும்பாலும் இடது பக்கம் மேலே, பீட்டா திட்டுல விழுது. முழுக்க அனுமதிக்கப்பட்ட இடம். பட்டுநூல் புரதத்துல இருக்கிற பட்டைகளும் அதே திட்டுலதான். ஒரு அணுகூட இன்னொண்ணை இடிக்கலை. நம்ம பாஷையில சொல்லணும்னா கம்பைலர் ஒரு எரர் காட்டாது, வார்னிங்கூட வராது. ஓட ஆரம்பிச்ச பிறகுதான் மெமரியெல்லாம் அடைச்சுக்கிட்டு உட்காரும்.

1998-ல டாப்ஸன் குழு இதுக்கு மேல ஒரு படி போனாங்க. எந்த வியாதியோடயும் சம்பந்தமே இல்லாத ஒரு புரதத்தை எடுத்து, சூழ்நிலையை மாத்தி, அதையும் அமிலாய்டு ஆக்கிக் காட்டினாங்க. அப்புறம் வரிசையா நிறைய புரதங்களுக்கு அதே கதை. அதாவது இது சில கெட்ட புரதங்களோட குணம் இல்லை, புரதச் சங்கிலிங்கிற பொருளோட குணம். போதுமான அளவு கூட்டம் சேர்ந்தா, சரியா மடங்கின வடிவத்தைவிட இந்த ஏணி இன்னும் உறுதியா நிற்கும். நாம ஆரோக்கியம்னு சொல்றது, செல் ஓயாம காவல் காத்து, மடங்க உதவி பண்ணி, கெட்டதை உடைச்சுத் தள்ளி, கூட்டம் சேராம பார்த்துக்கிறதுதான். வயசாக ஆக காவல் தளரும்.

கூட்டம்னு சும்மா சொல்லலை. 2003-ல ஒரு குடும்பத்துல கண்டுபிடிச்சாங்க, சைன்யூக்ளின் ஜீன் ஒரு குரோமோசோம்ல ஒண்ணுக்குப் பதிலா மூணு காப்பி. எழுத்துப்பிழை ஒண்ணுமே இல்லை, புரதம் அச்சு அசலா சரியானது. அளவு அதிகம், அவ்வளவுதான். சின்ன வயசுலயே பார்க்கின்சன். ஒரு தடவை சின்ன விதை விழுந்துட்டா பிறகு வேகம் பிடிக்கும். தயிருக்கு உறை ஊத்துற மாதிரின்னு சொல்லத் தோணும், ஆனா அங்கே வேலை செய்யறது பாக்டீரியா. கற்கண்டுதான் சரியான உதாரணம். சர்க்கரைப் பாகுல நூலைத் தொங்கவிட்டு நாளாகக் காத்திருப்பாங்க, முதல் படிகம் ஒட்டுற வரைக்கும் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். ஒட்டினதும் மளமளன்னு ஏறும்.

ராமச்சந்திரன் 1970-களின் தொடக்கத்துல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போயிட்டார். கடைசிக் காலம் மறுபடி சென்னையில. மனைவி ராஜலட்சுமி 1998-ல இறந்துட்டாங்க. பக்கவாதம் வந்து உடம்பு ஒரு பக்கம் இயங்கலை. கடைசி வருஷங்கள்ல அவருக்கு பார்க்கின்சனும் இருந்தது. 2001 ஏப்ரல் 7-ம் தேதி, 78 வயசுல போயிட்டார். சிஎல்ஆர்ஐ-ல இருக்கிற அரங்கத்துக்கு மூவிழைச் சுருள்னு அர்த்தம் வர்ற 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' பேரு.

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேற வேலை ஓடலை. புரதம் எங்கெல்லாம் போகலாம், போகக்கூடாதுன்னு மனுஷ குலத்துக்கே எல்லை போட்டுக் கொடுத்தவர். அவர் மேப்ல அனுமதி உள்ள இடத்துலயே நின்னுக்கிட்டு, ஒரு விதியையும் மீறாம, அவருக்குள்ளயே ஒரு புரதம் இதைப் பண்ணியிருக்கு. விதின்னு சொல்லிட்டு நகர்ற ஆள் நான் இல்லை. ஆனா கொஞ்ச நேரம் ஸ்கிரீனை மூடி வச்சிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மேப்பை பிரிண்ட் எடுத்துக்கிட்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அணு, கோணம்னு ஆரம்பிச்சா தூங்கிடுவார்னு நினைச்சேன். சாதாரண எல்லை, கடைசி எல்லைன்னு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார்.

"டாலரன்ஸ்டா இது."

"ஆமா பெரியப்பா."

"அப்போ இந்த மேப்பு கேஜ் மாதிரி. கோ, நோ-கோ. பீஸ் உள்ள போகுதா இல்லையான்னுதான் கேஜ் சொல்லும். போய் மிஷின்ல உட்கார்ந்து ஒழுங்கா ஓடுமான்னு கேஜுக்குத் தெரியாது. கேஜ்ல பாஸ் ஆகி அசெம்பிளியில மாட்டின பீஸ் எத்தினி பார்த்திருக்கேன்." கொஞ்ச நேரம் தாளையே பார்த்துட்டு, "அப்போ யாரும் தப்பா கடையலைன்னு சொல்ற."

மெஷின் ஆயில் கதையையும் அவரிடம் மறைக்கலை. பூச்சிமருந்து சிலதுக்கும், கிரீஸ் கழுவுற ட்ரைக்ளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பானுக்கும் இந்த வியாதிக்கும் தொடர்பு காட்டுற ஆய்வுகள் இருக்கு. அவங்க ஷெட்ல பார்ட்ஸ் கழுவ டின்ல ஏதோ வரும்னார், பேர் தெரியாது. ஒரு தனி மனுஷன் விஷயத்துல இதனாலதான்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. அதே ஷெட்ல அவரோட நின்ன ரெண்டு பேர் இன்னும் சைக்கிள் ஓட்டுறாங்க.

மருந்துக் கதையும் மெட்ராஸ் பக்கம் வருது. லெவோடோபா. மூளைக்குள்ள போய் டோபமைனா மாறும். பூனைக்காலி விதையில இது இருக்குன்னு பிரிச்செடுத்து 1937-ல எழுதினவங்க தாமோதரனும் ராமசாமியும், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்துல. அப்போ அது எதுக்கு உதவும்னு யாருக்கும் தெரியாது. கார்ல்ஸன் டோபமைனோட வேலையைக் காட்டினது 1950-களின் கடைசியில, கோட்ஸியாஸ் பெரிய டோஸ்ல கொடுத்து ஆட்களை நடக்க வச்சது 1967-ல. எங்க அத்தை இதைக் கேள்விப்பட்டு நாட்டு மருந்துக் கடையில பூனைக்காலிப் பொடி ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்துட்டாங்க. டாக்டர் கறாரா வேண்டாம்னுட்டார். ஏற்கெனவே மாத்திரையில அதே சரக்கு போகுது, பொடியில எவ்வளவு இருக்குன்னு பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறும், ரெண்டும் சேர்ந்தா கை கால் தன்னால ஆட ஆரம்பிக்கும். அத்தைக்கு இன்னும் கோபம்.

இன்னொரு விஷயம் வீட்ல வயசானவங்க இருந்தா உங்களுக்கும் உதவும். லெவோடோபா ஒரு அமினோ அமிலம். சாப்பாட்டுல இருக்கிற புரதம் உடைஞ்சு வர்ற அமினோ அமிலங்களும் அதுவும் ஒரே வாசல்லதான் உள்ளே போகணும், க்யூவுல மோதும். அதனால சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை. ரெண்டு முட்டையோட சேர்த்து மாத்திரை போட்ட நாள்ல பெரியப்பா ஒரு மணி நேரம் சேர்லயே உறைஞ்சு உட்கார்ந்திருந்தார். (நேரத்தை உங்க டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க, என்னை நம்பி இல்லை.)

எங்க ஆபீஸ்ல ஒரு பையன், "அதான் புரோட்டீன் ஃபோல்டிங்கை ஏஐ முடிச்சிருச்சே, 2024-ல நோபல் கூட கொடுத்துட்டாங்களே"ன்னான். ஆல்ஃபாஃபோல்டு பிரமாதமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனா சைன்யூக்ளின் விஷயத்துல ஒரே ஒரு வடிவம்னு இல்லை. எந்தச் செல்லுல, எந்த வயசுல, எப்போ முதல் விதை விழும்ங்கிறது வேற கேள்வி. அதை யாரும் முடிக்கலை.

பெரியப்பா அன்னிக்கு இன்னொண்ணு கேட்டார். லேத்துல இரும்புச் சுருள் சேர்ந்துக்கிட்டே இருக்கும், அள்ளலைன்னா பெட் கெட்டுப்போகும். சில நேரம் டூல் மழுங்கினதாலதான் சுருளே கண்டபடி வரும், அப்போ எவ்வளவு அள்ளினாலும் பிரயோஜனம் இல்லை. "இந்தக் கட்டியை அள்ளிட்டா எனக்குச் சரியாயிடுமாடா, இல்ல டூல் மழுங்கின கேஸா?"

உலகத்துல இதுக்காகக் கோடி கோடியா செலவு பண்றவங்க கேட்கிற கேள்வியும் இதேதான். பெரிய உருண்டையைவிட, அது ஆகுறதுக்கு முன்னாடி இருக்கிற சின்னச் சின்ன கூட்டங்கள்தான் விஷம்னு நிறைய பேர் சொல்றாங்க. உருண்டை, செல் தன்னைக் காப்பாத்திக்க ஒதுக்கி வச்ச குப்பைத்தொட்டியாக்கூட இருக்கலாம்னு ஒரு கட்சி. அல்சைமர்ல அமிலாய்டை அள்ளுற லெகனமாப் மருந்துக்கு 2023-ல அமெரிக்காவுல முழு அனுமதி கிடைச்சது. சோதனையில மூளையில படிஞ்சது நல்லாவே குறைஞ்சது, நோய் மோசமாகுற வேகம் பதினெட்டு மாசத்துல 27 சதவீதம் குறைஞ்சது. நிற்கலை, திரும்பலை. பார்க்கின்சன்ல நடுக்கம் வெளியே தெரியறதுக்குள்ளயே அந்தக் கறுப்புப் பகுதியில ஏறக்குறைய பாதி செல்கள் போயிருக்கும்.

எல்லாத்தையும் அவர்கிட்ட சொன்னேன். கேட்டுட்டு, டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய கேள்விகள்னு பெரியம்மா எழுதி வச்சிருக்கிற நோட்டை எடுத்து வரச் சொன்னார். முட்டை காலையில சாப்பிடலாமா, ராத்திரியா. கொலு சமயத்துல படிக்கட்டு ஏறலாமா. அந்த வரிசையில இதையும் ஏழாவதா எழுதச் சொன்னார். அடுத்த செக்கப் இருபத்திரண்டாம் தேதி, நான்தான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்.